நல்லிணக்கம் 57-லிருந்து 71 சதவீதம்: சிங்கப்பூரில் உண்மையிலேயே என்ன மாறியிருக்கிறது?

தேக்கா வாசி (இழையைத் தொடங்கியவர்)

கொள்கை ஆய்வுக் கழகம் எடுத்த ஆய்வைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இங்கே இன, சமய நல்லிணக்கம் நன்றாக இருக்கிறது என்று 2018-ல் சொன்னவர்கள் 57 சதவீதம். 2024-ல் அது 71. நடுவில்தான் கொவிட் வந்தது, 2021-ல் வாரத்துக்கு ஒரு இனவாதக் காணொளி என்று ஊரே கொந்தளித்தது. அதையெல்லாம் தாண்டி எண் ஏறியிருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னேன். "நாங்க பார்த்ததுக்கு இது சொர்க்கம்" என்றார் அப்பா. "யாரைக் கேட்டு எடுத்தாங்களாம்?" என்றாள் தங்கை. அதற்கப்புறம் சாப்பாடு முடியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அரசாங்கத்தைப் புகழவோ திட்டவோ தனி இழைகள் இருக்கின்றன. இங்கே அவரவர் கண்ணால் பார்த்ததை, எந்த வருடம், எந்தப் பேட்டை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

செம்பவாங் பழையவர்

தம்பி, உங்கள் அப்பா கட்சிதான் நான். ஆனால் முழுக்க இல்லை.

1964 ஜூலை 21-ல் நான் பள்ளிப் பையன். நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கேலாங் பக்கம் போனபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் அது. 23 பேர் இறந்தார்கள், 454 பேருக்குக் காயம். அடங்கியது என்று மூச்சு விடுவதற்குள் செப்டம்பரில் மறுபடி. அதில் 13 பேர். நாங்கள் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சுற்றிலும் தமிழர்களும் மலையாளிகளும். சண்டையில் எங்களுக்குப் பங்கில்லை என்றாலும் ஊரடங்கு எல்லாருக்கும்தானே. அம்மா அரிசியைப் படியால் அளக்காமல் டம்ளரால் அளந்தார். சீனக் கடைக்காரர் பின்கதவைத் திறந்து மண்ணெண்ணெய் கடன் கொடுத்தார். அதே ஆள் சாதாரண நாளில் என்னைக் "கெலிங்கா" (இந்தியரை இழிவாகக் குறிக்கும் சொல்) என்றுதான் கூப்பிடுவார். அம்மாவும் அவரைப் பற்றி வீட்டுக்குள் பேசும்போது மரியாதையாக ஒன்றும் பேசியதில்லை!

அன்றைக்கு அது திட்டாகவே யாருக்கும் படவில்லை, அல்லது பட்டதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. இன்று ஒரு கோப்பிக்கடையில் அப்படிக் கூப்பிட்டால் பக்கத்து மேசைக்காரர் கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பார். படம் எடுப்பவர் பெரும்பாலும் சீனப் பிள்ளையாகவே இருப்பார். நான் பார்த்த பெரிய மாற்றம் இதுதான்.

கடையநல்லூர் பேரன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் தினமும் பார்க்க வேண்டிய தேவையே குறைவு. எங்கள் தாத்தா தஞ்சோங் பகாரில் இருந்தார். சுற்றிலும் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள். செட்டியார்களுக்கு மார்க்கெட் ஸ்திரீட், சிந்திகளுக்கு ஹை ஸ்திரீட், மற்ற தமிழர்களுக்குச் சிராங்கூன் சாலை. சந்தையில் பாசார் மலாய் பேசுவார்கள், விலை முடிந்ததும் அவரவர் பேட்டைக்குப் போய்விடுவார்கள். அதைத்தான் இப்போது "அந்தக் காலத்துக் கம்பத்து (கிராமத்து) ஒற்றுமை" என்று பெரியவர்கள் உருகுகிறார்கள். கலந்து வாழ்ந்த கம்பங்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை.

எனக்கு இன்னொரு கூத்து உண்டு. பெயரைக் கேட்டால் மலாய்க்காரர் என்று நினைப்பார்கள், முகத்தைப் பார்த்தால் இந்தியர். தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் "நீ ஏன் இங்கே?" என்பார்கள்.

பிடோக் அக்கா

பல வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த 57, 71 எல்லாம் "ஊரில் நல்லிணக்கம் எப்படி?" என்ற பொதுக் கேள்விக்கு வந்த பதில். அப்படிக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல நம் பிள்ளைகள் ஏழு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். 1997-லிருந்து ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். சீனப் பிள்ளை ஜிப்பா போடும், நம் பிள்ளை சியோங்சாம் போடும், கூடத்தில் முறுக்கும் குவேயும் இருக்கும். அன்று ஏன் ஜூலை 21 என்று ஒரு வகுப்பில் கேட்டால் கை தூக்குபவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். நான் அந்த நாளைக் குறை சொல்லவில்லை. அதே சீனப் பிள்ளைகள் இன்று தோழியின் வீட்டுத் தீபாவளிக்குத் தானாகவே போகிறார்கள். ஆனால் உடுப்பு மாற்றிப் போட்டதால் மட்டும் வந்ததல்ல அது.

மனசு தெரிய வேண்டுமானால் குறிப்பாகக் கேட்க வேண்டும். 2016-ல் அதே கழகமும் சேனல் நியூஸ்ஏஷியாவும் சேர்ந்து கேட்டார்கள்: எந்த இனத்தவர் பிரதமரானால் ஏற்பீர்கள்? சீனர் பிரதமராக வருவதைச் சீனர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஏற்றார்கள். இந்தியர் என்றதும் பாதிப்பேர்தான். மலாய்க்காரர் என்றதும் பாதிக்கும் கீழே. அண்டைவீட்டுக்காரர், சக ஊழியர், முதலாளி, மருமகன், பிரதமர் என்று படி ஏற ஏற எண் இறங்கும். அந்தப் படிக்கட்டில் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று பார்த்தால்தான் உங்கள் அப்பா, தங்கை இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பதில் கிடைக்கும்.

தேக்கா வாசி

அக்கா, ஆனால் 2023 அதிபர் தேர்தல்? நம் தமிழர் தர்மன் 70.4 சதவீத வாக்கு வாங்கினாரே. முக்கால் பங்கு சீனர்கள் வாழும் ஊர் இது. சீனர்கள் பெருவாரியாகப் போடாமல் அந்த எண் வரவே வராது. 2019-லேயே அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறை சீனரல்லாத பிரதமருக்குத் தயாரில்லை என்றார். நாலு வருடத்தில் அதைப் பொய்யாக்கிவிட்டார்களே?

பிடோக் அக்கா

அதிபருக்கு ஒரு படி, பிரதமருக்கு ஒரு படி தம்பி. 2016 ஆய்விலேயே அதிபர் பதவிக்கு எண் கூடுதல்தான். தேவன் நாயரும் எஸ்.ஆர்.நாதனும் ஏற்கெனவே அந்த நாற்காலியில் இருந்தவர்கள், வாக்கெடுப்பு இல்லாமல் வந்தவர்கள் என்றாலும். தர்மனைப் பொறுத்தவரை இருபது வருடத்துக்கு மேல் அரசியலில் பார்த்த மனிதர், நிதியமைச்சராகவும் இருந்தவர். அவருக்குப் போட்ட வாக்கு அவருக்கானது. பெயர் தெரியாத ஒரு சுப்பிரமணியம் நின்றிருந்தால் 70 வந்திருக்குமா?

ஆனாலும் உங்கள் பக்கம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் மலாய்க்காரருக்கு என்று ஒதுக்கி, போட்டியில்லாமல் அதிபர் வந்தார். ஒதுக்கீடு இல்லாவிட்டால் சிறுபான்மையினர் வர மாட்டார்கள் என்பது அன்றைய வாதம். 2023 அந்த வாதத்தில் பெரிய ஓட்டை போட்டுவிட்டது.

உட்லண்ட்ஸ்காரன்

பிரதமர் யார் என்பதை விடுங்கள். என் வீட்டை விற்கிற கதைக்கு வாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீடு என்னுடையது. ஒவ்வொரு புளோக்கிலும் இனத்துக்கு இத்தனை சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. என் புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. நான் இந்தியன். அதனால் சீனருக்கு விற்க முடியாது. எனக்கு மேல்மாடியில் இருக்கும் சீனக் குடும்பம், அதே நாலறை வீடு, அதே சன்னல், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஒரு சீனர் வெளியே போய் இன்னொரு சீனர் உள்ளே வந்தால் விகிதம் மாறாதல்லவா, அதுதான் கணக்கு. எனக்கு வாங்குபவர் மலாய்க்காரராகவோ இந்தியராகவோ இருக்க வேண்டும். அவர்களுக்கும் தெரியும் எனக்கு வேறு வழியில்லை என்று. வந்தவர்கள் கேட்ட விலை ஒவ்வொன்றும் மேல்மாடி விலைக்குக் கீழே. வீடு பார்க்க வந்த சீனத் தம்பதிக்குச் சமையலறை பிடித்துப்போய், அளவெல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் ஏஜென்ட் ஒதுக்கீட்டைப் பார்த்துவிட்டு "சாரி" என்று அழைத்துப் போனார்.

நல்லிணக்கம் நல்லதுதான். அதற்கான பில்லை மட்டும் ஏன் சிறுபான்மை வீட்டுக்காரர் கட்டணும்?

செம்பவாங் பழையவர்

வருத்தம் நியாயம். ஆனால் அது ஏன் வந்தது என்று இளைய ஆட்களுக்குத் தெரிய வேண்டும். எண்பதுகளின் கடைசியில் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள், ஈசூனில் நம்மவர்கள் என்று மறுபடி சேரத் தொடங்கினார்கள். யாரும் விரட்டவில்லை, சொந்தபந்தம் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அறிவித்தவர் தனபாலன், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர். சீனருக்கு வட்டாரத்தில் 84, புளோக்கில் 87 சதவீதம். மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியருக்கும் மற்றவருக்கும் 10, 13 என்று உச்சவரம்பு. 2010-ல் நமக்கு 12, 15 ஆக்கினார்கள்.

1988-ல்தான் குழுத்தொகுதி முறை வந்தது, அதாவது பல வேட்பாளர்கள் ஒரே அணியாக, அதில் ஒருவராவது சிறுபான்மையினராக, நிற்கும் முறை. ஒரே இனம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அரசியலும் அங்கே சேரும் என்ற கவலையும் இருந்ததென்று அப்போதே பேசிக்கொண்டோம். காரணம் எதுவாக இருந்தாலும், இந்த ஊரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் வீவக வீட்டில்தான் இருக்கிறோம். மின்தூக்கியில் மற்ற இனத்தவரோடு நிற்காத நாள் எங்கள் யாருக்கும் இல்லை. என் பேத்தி முதலில் கற்ற மாண்டரின் சொற்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம்.

உட்லண்ட்ஸ்காரன்

ஐயா, மின்தூக்கியில் நிற்பதற்கு நான் ஏன் பல்லாயிரம் வெள்ளி விலை கொடுக்கணும் என்பதுதான் கேள்வி. 2021-ல் நாடாளுமன்றத்திலேயே இந்தச் சுமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். 2022-லிருந்து, பத்து வருடமாவது வைத்திருந்து விற்க முடியாமல் தவித்தால் வீவகவே வாங்கிக்கொள்ளும் என்று வழி செய்தார்கள். நல்லது. ஆனால் அதற்குக் காத்திருக்க முடியாத அவசரம் உள்ளவர் என்ன செய்வார்?

ஜொகூர் காற்று

பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்கள். உங்கள் சண்டையெல்லாம் பணக்கார வீட்டுச் சண்டையாகத் தெரியும்.

நெறியாளர்

ஜொகூர் நண்பரே, மலேசியாவுக்குத் தனி இழை உண்டு. அங்கே தொடருங்கள், நாங்களும் வருகிறோம்.

சென்னைக்காரி

புதிதாக நிரந்தரவாசம் கிடைத்தவள். வெளியிலிருந்து வந்தவளாக ஒரு மூலை. நிரந்தரவாசிகள் மறுவிற்பனை வீடு வாங்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், அதுவரை வாடகைதான். விளம்பரங்களில் "இந்தியர் வேண்டாம்" என்று வெளிப்படையாகப் போடும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "உரிமையாளர் இப்போதுதான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்" என்கிறார்கள். என் அலுவலகத் தோழி, சீனப் பெண், மறுநாள் அதே எண்ணுக்கு அழைத்தாள். வீடு காலியாகத்தான் இருந்தது. காரணம் கேட்டால் சமையல் வாசம், எண்ணெய்ப் பிசுக்கு, பணம் ஒழுங்காக வராது. நான் வீட்டில் சமைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மறுத்தவர்களில் ஒருவர் உள்ளூர்த் தமிழர். "ஊர்லேர்ந்து வந்தவங்களுக்குக் கொடுக்கிறதில்லைம்மா" என்று அழகான தமிழில் சொன்னார்.

கடையநல்லூர் பேரன்

கோபமில்லை அக்கா, நடக்கிறதுதான். இதை நம் ஆட்கள் பேசுவதே இல்லை.

2005-ல் கையெழுத்தான இந்தியா, சிங்கப்பூர் பொருளாதார ஒப்பந்தம் "சீக்கா" என்று சுருங்கி, கொவிட் நேரத்தில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. சாங்கி பிஸினஸ் பார்க்கில் கழுத்தில் அட்டை தொங்கும் எந்த இந்திய முகத்தைப் பார்த்தாலும் சீக்கா. 2021 மே மாதம் சுவா சூ காங்கில் வேக நடை போய்க்கொண்டிருந்த ஐம்பது வயது தாண்டிய இந்தியப் பெண்ணை இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் உதைத்தான் ஒருவன். அந்த அம்மா சிங்கப்பூரர். அப்போது நம் ஆட்கள் செய்தது என்ன? "நாங்கள் நாலு தலைமுறை, அவர்கள் வேறு" என்று விளக்கம் சொல்லக் கிளம்பினோம். உதைப்பவன் தலைமுறை கேட்டுவிட்டா உதைப்பான்?

அந்த வருட ஆய்வில் இனவாதம் முக்கியப் பிரச்சினை என்றவர்கள் பாதிக்கு மேல். 2024-ல் நாற்பது சொச்சம். இறங்கியதற்கு ஒரு காரணம், வேலை போகுமோ என்ற பயம் இறங்கியது. பொருளாதாரம் மறுபடி ஆடினால் இந்த எண்ணும் ஆடும் என்பது என் கணக்கு.

வார இறுதி வாசகன்

யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்ற தங்கையின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும்தான் கேட்டார்கள். ஞாயிறு மாலை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) புல்தரையில் உட்கார்ந்திருக்கும், வேலைக்காக இங்கே வந்த ஆயிரக்கணக்கான நம் ஊர்ப் பையன்கள் அந்த 71-க்குள் இல்லை. அவர்கள் தங்கும் விடுதிகளுக்கு இன ஒருங்கிணைப்பு ஒதுக்கீடும் கிடையாது. துவாஸ், கிராஞ்சி என்று ஊர் ஓரத்தில் இருக்கின்றன.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து ஏறி தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்ததும் கலவரம். ஏறக்குறைய 300 பேர், ஆம்புலன்ஸ் எரிந்தது. 1969-க்கு அப்புறம் இந்த ஊர் பார்த்த முதல் கலவரம் என்றார்கள். அதை இனக் கலவரம் இல்லை, குடியும் விபத்தும் என்று விசாரணைக் குழு சொன்னது. ஒத்துக்கொள்கிறேன், யாரும் சீனரைத் தேடி அடிக்கவில்லை. ஆனால் மறுநாள் இணையத்தில் எழுதியவர்கள் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. 2015-ல் மதுச் சட்டம் வந்தபோது லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாயின. கொவிட்டில் விடுதிகளை மூடியபோது உணவுப் பொட்டலம் கொண்டுபோனவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பொட்டலம் கொடுப்பது ஒரு படி. தன் புளோக்குக்குப் பக்கத்தில் விடுதி கட்டச் சம்மதிப்பது வேறு படி. 2008-ல் சிராங்கூன் கார்டன்ஸ்காரர்கள் மனு எழுதி எதிர்த்தது ஞாபகம் இருக்கிறதா?

செம்பவாங் பழையவர்

நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசியில் விடுதிக்குத் தனிச் சாலை போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் இந்தியர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

தேக்கா வாசி

இன்னொரு பக்கம் சட்டம். 2025-ல் வேலையிட நியாயச் சட்டம் ஜனவரியில், இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் பிப்ரவரியில் நிறைவேறின. சட்டம் வந்தால் மக்கள் இதைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்களா, வாயை மூடுவார்களா?

பிடோக் அக்கா

இரண்டும் நடக்கும். 2019-ல் ஒரு மின்னணுப் பணம் செலுத்தும் முறைக்கான விளம்பரத்தில் சீன நடிகருக்கு முகத்தைக் கருப்பாக்கி "கே. முத்துசாமி" என்ற பெயர் அட்டை மாட்டிவிட்டார்கள். அதைக் கேலி செய்து பாட்டுக் காணொளி போட்ட அண்ணன் தங்கைக்குக் காவல்துறையின் நிபந்தனை எச்சரிக்கை. விளம்பரக்காரர் மன்னிப்பு கேட்டதோடு சரி. காணொளியில் கெட்ட வார்த்தை இருந்தது, சீனர்களை மொத்தமாகச் சாடியது, அதெல்லாம் உண்மை. ஆனால் என் பழைய மாணவிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், வலித்தால் மெதுவாகச் சொல் என்பதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. புதிய சட்டத்தில், திட்டியவரைச் சிறைக்கு அனுப்பாமல் அந்தச் சமூகத்தோடு உட்காரவைத்துச் சரிசெய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் நல்லது.

வேலைச் சட்டம் 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான். "மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்று தேவையில்லாத வேலைக்கும் போடும் சின்ன கம்பெனிகள் தப்பிவிடும்.

புங்கோல் மருமகள்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இங்கே ஆறு திருமணத்தில் ஒன்று கலப்புத் திருமணம் என்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. கணவர் சீனர். மாமியார் முதல் வருடம் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. இப்போது ரசத்துக்கு மிளகு போதவில்லை என்று சண்டை. என் அம்மா வீட்டில் மட்டும் எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். "சீனனா, சரி, பரவாயில்லை. நல்லவேளை..." என்று தொடங்கி அம்மா முடிக்காமல் விட்ட வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. நம் வீடுகளிலும் ஒரு படிக்கட்டு உண்டு, அக்கா. அதில் சாதியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சரி, நான் வந்த விஷயம் வேறு. மகனுக்கு "சீனர்-இந்தியர்" என்று இரட்டை இனப் பதிவு செய்திருக்கிறோம், 2011-லிருந்து அந்த வசதி உண்டு. நாளைக்கு அவன் வீடு வாங்கும்போது எந்த ஒதுக்கீட்டில் வருவான்?

உட்லண்ட்ஸ்காரன்

கோட்டுக்கு முன்னால் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு. உங்கள் மகன் சீனர் ஒதுக்கீடு.

புங்கோல் மருமகள்

இந்தியர்-சீனர் என்று போட்டிருந்தால்?

உட்லண்ட்ஸ்காரன்

என்னை மாதிரி விற்க அலைவான். அப்படியே விட்டுவிடுங்கள் அக்கா. நீங்களும் கணவரும் வாங்குவதாக இருந்தால் இரண்டு பேர் இனத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வாங்கும்போது எதைச் சொன்னீர்களோ விற்கும்போதும் அதேதான். புளோக் நிலவரத்தை வீவக தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாற்றுவார்கள். முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏஜென்ட் சொன்னார் என்று நம்பாதீர்கள்.